இணைப்பு எண் 114

அருமனைச் சந்தையில் மாடிமேல் ஒற்றை அறை.
கீழே கோழிக்கடை. மேலே நான்,
நானூற்றிச் சொச்சம் வீடுகளின் பச்சை விளக்குகள்,
ஒழுகும் ஏ.சி., அதன் அடியில் ஒரு வாளி.

எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள்.
மோடம் மாற்றப் போனால்
சில வீடுகளில் தேநீர் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு வரும்.
தெரிவது கொஞ்சம்தான்:
யார் எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார்கள்,
எந்த வாசலைத் தட்டுகிறார்கள்,
போனதும் வந்ததும் எவ்வளவு கனம்.

114 மட்டும் வேறு.
பில்லில் பெயர் விஜிலா. குவாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள்.
ராத்திரி இரண்டரைக்கு அவள் வீட்டிலிருந்து கிளம்புவது
ஏதோ அயல்தேசத்து எண் ஒன்றுக்குப் போகும்.
அது வாசல். அதுவரை பார்ப்பேன்.
வாசலுக்கு அப்பால் இன்னொரு வாசல்,
அதற்கு அப்பால் எதுவோ.

களியக்காவிளை செக்போஸ்டில் மச்சினன் இருக்கிறான்.
தார்ப்பாய் போட்ட லாரி வந்தால்
நம்பர் தெரியும், நேரம் தெரியும்,
டயர் அமுங்கியிருக்கும் அளவில் பாரமும் தெரியும்.
அவிழ்த்துக் காட்டு என்று அவன் சொல்லலாம்.
எனக்கு வாய்த்த தார்ப்பாயில்
முடிச்சே கிடையாது.

செவ்வாய்க்கிழமை குவாரிக்காரர் ஏறி வந்தார்,
மூக்கைப் பொத்திக்கொண்டு.
"ஒண்ணுமில்ல பெர்ஜின், சும்மா கேக்கேன் கேட்டியா.
நம்ம ஆபீஸ் பிள்ள ராத்திரி என்னத்தப் பாக்கா?"
"அதெல்லாம் பாக்க முடியாதுண்ணே."
உண்மைதான்.
"ஏன், மூடி வச்சிருக்காளா?"

ஏ.சி. சொட்டிக்கொண்டிருந்தது.
அவள் என்ன அனுப்பினாள் என்பது அவருக்கு வேண்டாம்.
நானூறு வீட்டில் ஒரு வீடு பூட்டியிருக்கிறது
என்று நான் தலையாட்டினால் போதும்.
"எல்லாரும் சினிமாதான் பாக்காவ" என்றேன்.
வாய் உலர்ந்துபோயிருந்தது.

சீசன் தொடங்கும் முதல் நாட்களில்
ரப்பர் மேட்டில் ஒரே ஒரு தலைவிளக்கு அசையும்.
ரோட்டில் நின்றே சொல்லிவிடலாம்: அது தங்கப்பன்.
வெட்டுவது எந்த மரம், வடிவது எவ்வளவு பால், தெரியாது.
ஆள் தெரியும்.
நாற்பது விளக்கு ஏறிய பிறகு
தங்கப்பனை அவன் பெண்டாட்டியே தேட வேண்டும்.

அன்று ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டரில்
அதே கதவை நானும் இறக்கி வைத்தேன்.
இரண்டரைக்குத் திறந்தேன்.
ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
பேச்சிப்பாறை நீர்மட்டம் பார்த்தேன்,
நாளை மழை உண்டா என்று பார்த்தேன்,
அயல்தேசங்கள் மூன்றைச் சுற்றி மெல்ல வந்தது பதில்:
உண்டு.

மறுநாள் லிபினின் ஸ்டுடியோவில் ஒன்று.
பிறகு ஜெனிஷா டீச்சர் வீட்டில்,
"பில்லு கூடுமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

என் கம்பி நாகர்கோவிலுக்குப் போகிறது.
அங்கே ஒருவன் உட்கார்ந்து
அருமனையில் ஒன்று, அருமனையில் நாலு என்று
எண்ணிக்கொண்டிருக்கலாம்.
போன மாதத்து இரண்டரை மணிகளோ
அப்படியே இந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன,
அதில் அவள் மட்டும், தனியாக.
அழிக்க எனக்கு அனுமதி இல்லை.

வாளி நிறைந்துவிட்டது.
கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.