நாற்பத்தொரு நொடி

தெக்கிளாவுக்கு அங்கே ராத்திரி பதினொன்று ஆகும்போது
குளச்சலில் எனக்கு ஐஸ் உடைக்கிற நேரம்.
எந்திரச் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் வரும்.
நாலாம் நம்பர் இன்னைக்கும் கஞ்சியைத் துப்பிட்டாரு,
நாலாம் நம்பர் என் கையைக் கடிச்சிட்டாரு,
அண்ணா, அவரு பெரிய எழுத்துக்காரராம்,
நாடகமெல்லாம் போட்டிருக்காராம்.

பெயர் கேட்டேன். கோல்மன் டிவேன்.
ஐஸ் கணக்கு நோட்டின் பின்னட்டையில் குறித்துவைத்தேன்.

நாகர்கோவிலில் கிடைக்கவில்லை.
கப்பலுக்குப் போன ஒருவன் வாங்கிவந்தான்
இரண்டு நாவல், ஒரு நாடகம்.
முதல் நாவலைத் தடைசெய்த ஞாயிற்றுக்கிழமை
அவருடைய அம்மா பூசைக்குப் போகவில்லையாம்.
வெட்கப்பட்டு அல்ல,
கோயிலுக்குள் வைத்து யாரையாவது சபித்துவிடுவோமோ என்று.
பிறகு பதினேழு வருடம் லண்டனில் சிமெண்டு சுமந்தார்.
ஆசிரியர் குறிப்பில் அது ஒரே வரி.
எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கல்ஃப்.

நாடகத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.
மூன்று உடன்பிறப்புகள் அப்பன் வீட்டைப் பிரிக்கிறார்கள்,
தரையில் சாக்பீஸ் கோடு,
கோட்டுக்குக் குறுக்கே நகராமல் நிற்கிறது ஒரு கழுதை.
அடுப்பில் அவர்கள் எரிப்பதுதான் என்னை நிறுத்தியது,
சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்.
மண் எப்படி எரியும்?
மூன்று மாதம் அந்த வரியிலேயே கிடந்தேன்.
குலசேகரம் பஸ்ஸில் ஒரு மழைநாள்
ரப்பர் ஷீட்டுப் புகைக்கூடத்தின் வாடை ஜன்னலில் ஏறியது.
அதையே எழுதிவிட்டேன்.
தப்பு, என்றாள் தெக்கிளா,
இங்க இப்ப எல்லா வீட்டுலயும் கேஸ்.

திருவிழாக் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன்.
புனிதர் யாராவது வருவாரா, என்றார் பொருளாளர் கிளீட்டஸ்.
கழுதை வரும், என்றேன்.
அந்த வருடமும் பத்தாம் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி.

அப்புறம் ஒரு ராத்திரி
நாலாம் நம்பருக்கு ஆங்கிலம் போய்விட்டது.
அத்தனை புத்தகமும் எழுதிய ஆங்கிலம்,
ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கக்கூட மிச்சமில்லை.
மிஞ்சியது,
பள்ளிக்கூடத்தில் பேசி அடிவாங்கிய ஐரிஷ்.
டாக்டர் அதைப் படித்து மறந்தவர்.
கூட நின்ற பிலிப்பைன்ஸ்காரி கையை விரித்தாள்.
தெக்கிளா ஸ்டூலை இழுத்துப் போட்டு
கடப்புறத்துத் தமிழில் பதில் சொன்னாளாம்.

ஒரு மணிக்கூர் இருக்கும் அண்ணா.
என்ன பேசினீங்க?
அவரு என்னமோ குறை சொன்னாரு.
நானும் சொன்னேன்,
ஏஜென்சிக்காரன் பணத்த முழுங்குனது,
பிள்ள பால்குடி மறந்தப்ப நான் பக்கத்துல இல்லாதது.
அவரு உம் கொட்டுனாரு.
நானும் கொட்டுனேன்.

நாற்பத்தொரு நொடி பதிவுசெய்து அனுப்பியிருந்தாள்.
துறைமுகத்தில் போட்டுக் காட்டினேன்.
காத்து திரும்புது, வலைய எடுன்னு சொல்லுதான், என்றார் பனிப்பிச்சை.
இல்ல ஓய், கடன் கேக்கான், என்றான் லூக்காஸ்.
ஐஸ் தள்ளுகிற ஒடிசாப் பையன்
இன்னொரு தடவை போடச் சொன்னான்.
எதற்கென்று சொல்லவில்லை.

மார்கழியில் கிழவர் போனார்.
ஜன்னலத் திறந்துவுட்டேன், இங்கத்த வழக்கம்,
ஆத்மா போணுமாம்.
குளிருதான் உள்ள வந்துட்டு, என்றாள்.

அங்கத்துப் பத்திரிகை அரைப் பக்கம் எழுதியது.
பிறந்த தீவு, தடை, பரிசுகள்,
இளமையில் பெரிய தாடியோடு ஒரு படம்.
கடைசி ஒன்பது ஆண்டுகள்
அவர் எதையும் படைக்கவில்லை என்று முடித்திருந்தார்கள்.

போனில் இடமில்லை, எதையாவது அழி என்கிறது.
கமிட்டி அனுப்பிய திருவிழா நோட்டீஸ் பதினெட்டையும் அழித்தேன்.

வெளியே வள்ளம் காத்து நிற்கிறது.
எத்தனை பார்வே ஏத்தியிருக்கு, என்கிறான் லூக்காஸ்.
நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு
நோட்டைப் பார்த்துத் திருத்தினேன்:
முப்பது.