ஐஸ்பெட்டிக் கை

லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு நேர் கீழே
குடியிருந்த ரொசாரியோ குடும்பம்
பெர்த்துக்குப் போனபோது
ஆயிரத்து இருநூறுக்கு இந்த ஓவனை விட்டுப்போனது.
தட்டுக்கு அடியில் ஒரு தாள், வெண்ணெய்க் கறையோடு.
பழ ஸ்கோன். இரண்டு கப் மைதா.
கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு:
அதிகம் கை வைக்காதே.

ஞானதுரை சிரித்தார்.
பரோட்டா மாஸ்டரிடம் சொல்கிற பேச்சா இது?
சிவாஜிநகரில் இருபத்திரண்டு வருடம்
மாவை அடித்து, உருட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு
வீசி வீசிச் சேலையாய் விரித்த கை.

போன ஞாயிறு அவர்தான் பிசைந்தார்.
இழுத்தால் வந்தது மாவு, விட்டால் திரும்பியது
வட்டிக்காரன் போல.
வெந்து வந்தவை எட்டுக் கல்.
ஒன்றை மாடிப்படி நாய்க்குப் போட்டேன்.
கொஞ்ச நேரம் உருட்டி விளையாடிவிட்டு
படுத்துக்கொண்டது.

இந்த ஞாயிறு என் முறை.

எனக்கு வேலை தேவனஹள்ளிப் பக்கம்,
பூ ஏற்றுமதிக் குளிரறையில்.
நான்கு டிகிரி. காம்பின் நீளம் பார்த்து
ரோஜாக்களை இருபது இருபதாய்க் கட்ட வேண்டும்.
ஒன்பது வருடத்தில் குளிர், கையுறையைத் தாண்டி
விரலுக்குள் குடிவந்துவிட்டது.
மே மாதத்திலும் காலி செய்யாது.
பஸ்ஸில் சில்லறை கொடுத்தால்
கண்டக்டர் பெண் நிமிர்ந்து பார்ப்பாள்.
ராத்திரி தெரியாமல் முதுகில் பட்டுவிட்டால்
‘ஏ ஐஸ்பெட்டி’ என்று துள்ளி எழுவார் இவர்.

வெண்ணெயைச் சுண்டைக்காய் அளவில் நறுக்கி
மாவில் போட்டேன்.
அவர் தொட்டிருந்தால் இந்நேரம் உருகி ஓடியிருக்கும்.
என் விரலிடுக்கில் அது
தன் பாட்டுக்கு இருந்தது.
நுனிவிரலால் தேய்த்துத் தேய்த்து உதிர்க்க
புட்டுக்கு விரவின மாதிரி வந்தது:
பிடித்தால் பிடி, உதிர்த்தால் தூள்.
இது எனக்குத் தெரிந்த இடம்.
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

புளித்த தயிர் கொஞ்சம்.
ரயில்வே சுவரோரம் கொட்டிக்கிடந்த
முசுக்கட்டைப் பழம் இரண்டு கை.
மாவு இன்னும் சேரவில்லை, அங்கங்கே வறட்சி.
பிசை, பிசை என்றது பழக்கம்.
ஞானதுரை கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
கதவோரம் நின்றார்.
‘இன்னும் ரெண்டு அழுத்து.’
‘ம்ஹூம்.’
‘ஓரம் விண்டிருக்கு பாரு.’
‘விண்டே இருக்கட்டும்.’

டம்ளரைக் கவிழ்த்து நேரே அழுத்தி
நேரே எடுத்தேன். திருகினால் எழும்பாதாம்.
பதினெட்டு நிமிஷம்
ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தோம்,
கிரிக்கெட் பார்க்கிற மாதிரி.
ஏழாவது நிமிஷம் ஒன்று தோளைக் குலுக்கியது.
அப்புறம் எல்லாமே எழுந்தன,
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து,
ஓரத்தில் ஊதாச் சாறு கொதிக்க.

சூட்டோடு அவர்தான் எடுத்தார்;
சூடு அந்தக் கைக்குத் தெரியாது.
பிய்த்தார். இழுக்கவில்லை, முறுக்கவில்லை,
விரலுக்கு விட்டுக்கொடுத்தது.
வெகுநேரம் பேச்சில்லை.
‘அடிக்காமலே லேயர் வந்திருக்கே’ என்றார் பிறகு,
யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல.
இன்னொன்றை எடுத்தார்.

திங்கட்கிழமை நான்கை டப்பாவில் கொண்டுபோனேன்.
குளிரறை அலமாரியில் கிடந்து
வெண்ணெய் திரும்ப இறுகிவிட்டது.
சாப்பாட்டு மணிக்கு மங்களாவும் நஸ்ரினும் நானும்
வெளியே வெயிலுக்கு வந்தோம்.
ஏர்போர்ட் போய்வந்த லாரி
அப்போதுதான் என்ஜினை அணைத்திருந்தது.
அதன் பானெட்டில் டப்பாவை வைத்தோம்.
பக்கத்தில்
ஆறு கைகளை.