கை ஏந்தப் பழகுதல்

கோரையாற்று ரெகுலேட்டரில் ஏழாவது ஷட்டர்.
சித்திரை வெயில், அடியில் காய்ந்த ஆறு.
திருகுக்குக் கிரீஸ் போட்டுத் திரும்பினேன்.
நான் சிந்திய கிரீஸே வழுக்கியது.
விழவில்லை. அதுதான் நடந்தது.
வலது கை கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டது.
ஆட்கள் ஓடி வரும்வரை
அறுபத்தெட்டுக் கிலோ
ஒரு கையில் தொங்கிற்று.

உயிர் இருந்தது. தோள் இருந்தது.
முழங்கை மடங்கியது.
விரல்கள் மட்டும்
கழுத்துக்குள் எங்கோ வேரோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தன.
காப்பாற்றிய கைக்குத்தான்
கூலி இல்லை.

தஞ்சாவூரில் டாக்டர் பேனாவால்
என் கைமேல் கோடு போட்டார்.
முழங்கையை மடக்க ஒன்றுக்கு இரண்டாய்த் தசை இருக்கிறது;
ஒன்றுக்குப் போகும் நரம்பை வெட்டி
விரலை மடக்கும் நரம்போடு தைக்கலாம்.
உள்ளங்கையைத் திருப்பவும் இரண்டு;
அதில் ஒன்றின் நரம்பு, விரலை விரிக்க.
"உங்க பாசனம் மாதிரிதான், பக்கிரிசாமி."

இருபத்தாறு வருஷம் லஸ்கர் வேலை.
ஒரு வாய்க்காலுக்குத் திறந்தால்
இன்னொரு வாய்க்கால்காரன் மண்வெட்டியோடு வருவான்.
கேட்டேன்: "வெட்டுப்பட்டவன் சும்மா இருப்பானா?"
டாக்டர் சிரிக்கவில்லை.
"பக்கத்துல இருக்கறவன் அந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பான்."
அப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை.
என் சட்டைக் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம்.
மேட்டூர் திறந்தால் உங்கள் மடைக்கு எத்தனை நாள் என்று
விரல்விட்டுச் சொன்ன ஆள் நான்.
இதற்கு விட விரல் இல்லை.

ஆனியில் தைத்தார்கள். குறுவை அறுத்தார்கள்.
சம்பா பால் பிடித்து, மழையில் சாய்ந்து,
பாதி நிமிர்ந்தது.
மச்சினன் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிட்டேன்;
எதிர் வரிசைக்காரர்
தன் இலையை விட்டுக் கண்ணெடுக்கவே இல்லை.
சட்டைப் பொத்தானை வளர்மதி போட்டுவிட்டாள்,
பேசாமல், தினமும், மேலிருந்து கீழே.

மாசியில் ஒரு கொசு.
அடிக்கக் கையை மடக்கினேன்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
காற்றைக் கிள்ளின.

அதிலிருந்து எதற்கு மடக்கினாலும் கிள்ளல்தான்.
வேர்வை துடைக்கப் போனால் நெற்றியைக் கிள்ளும்.
கும்பிடப் போனால் கூட இருக்கும் கையைக் கிள்ளும்.
வளர்மதி சிரித்தாள்,
சித்திரைக்குப் பிறகு முதல் தடவை.

விரிக்கத்தான் வரவில்லை.
பிசியோதெரபிப் பொண்ணு மெர்சி சொல்லும்:
"விரலை நினைக்காதீங்க.
உள்ளங்கையை மேல திருப்புங்க,
யார்கிட்டயோ கேக்கற மாதிரி."

கேட்டதில்லை, மெர்சி.
கடைமடைக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள்.
விடிகாலையிலும், ராத்திரி ரெண்டு மணிக்கும்
கொட்டகை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு,
"இன்னும் ஒரு அடி தூக்குய்யா, கதிர் கருகுது."
உத்தரவு இல்லை என்றேன்.
சில சமயம் உத்தரவு இருந்தது.
தூக்கம் வந்தது.

மேசைமேல் என் கையைக் கவிழ்த்து வைக்கிறது மெர்சி.
"கேளுங்க."
திருப்புகிறேன்.
"இன்னும் கேளுங்க சார்."

இன்று, பங்குனி பதினொன்று,
நடுவிரல் ஒரு நூல் உயரம் எழுந்தது.
மோதிரவிரல் கூடவே.
சுண்டுவிரலுக்கு இன்னும் முறை வரவில்லை.
மெர்சி நோட்டில் குறித்துக்கொண்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டது.

முத்துப்பேட்டை பஸ்ஸில்
கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டினார்.
இடது கை தானாக எழுந்தது; மடியில் அமுக்கி வைத்தேன்.
வலது கையைத் திருப்பினேன்.
பாதிதான் விரிந்தது.
ஐந்து ரூபாய் நின்றது. இரண்டு ரூபாய் உருண்டு
யாருடைய கூடைக்கோ அடியில் போனது.
அவர் குனிந்து எடுத்து
என் சட்டைப் பையில் போட வந்தார்.

"பையில வேண்டாம்ண்ணே," என்றேன்.
"கையில போடுங்க."