நூற்றுக்கு நூற்றுப் பத்து

முதல் புகார் ஒரு பசுவுடையது.
ஓடைக்கரையில் நின்று மோந்து பார்த்துவிட்டுத்
தாகத்தோடு திரும்பிவிட்டது.
அதைக் கண்ட பிலிப்பா ஸ்டோரிதான்
எங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

நான் போனபோது
தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறம்.
நார்தம்பர்லாந்தில் நவம்பர்;
நாலு மணிக்கே இருட்டு.
ரப்பர் காலணி, மாதிரிப் புட்டிகள்,
உறிஞ்சும் வெள்ளைத் திண்டுகள் ஒரு மூட்டை.
கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது
மற்றவர்களுக்குப் பேச்சு,
எனக்கு உத்தியோகம்.

நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.
மதகு, முள்வேலி, ஆட்டுப்பட்டி,
அப்புறம் ஒரு விடுதியின் பின்புறம்.
ஆறு அறை. இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் தொட்டி.
சுற்றிலும் ஒழுங்காகக் கட்டிய சுவர்.
சுவரின் அடியில்
கட்டைவிரல் நுழைகிற ஒரு துளை.
விளிம்பெல்லாம் பாசி.
நேற்றுப் போட்டதில்லை.

கத்பர்ட் ரட்டர் குல்லாவைக் கழற்றவில்லை.
"மழை தேங்கிக் கிடந்தது,
தொட்டிக்கால் துருப்பிடிக்குமே என்று
நான்தான் துளைத்தேன்.
மழைக்காக மட்டும்."

மழை போனது.
மூன்று குளிர்காலம் சொன்னபடி போனது.
நாலாவதில் உறைபனி
வடிகட்டிக் கிண்ணத்தைக் கீறியது.
மண்ணெண்ணெய்
பெயருக்கு ஏற்ப மண்ணைத் தேடிப் போனது.
துளையிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை
யாரை விட வேண்டும் என்று.

அவரிடம் விதியைச் சொன்னேன்.
தொட்டி கொள்வது நூறு என்றால்
சுவர் கொள்ள வேண்டியது நூற்றுப் பத்து.
"அந்தப் பத்து எதற்கு?"
எழுதியவர்களை நான் பார்த்ததில்லை.
மழைக்காக இருக்கலாம்.
நம்மைப் போன்றவர்களுக்காகவும் இருக்கலாம்.
சுவரில் துளை கூடாது, குழாய் கூடாது,
உள்நோக்கம் என்ன என்ற கட்டம்
இந்தப் படிவத்தில் இல்லை.

"டேங்கர்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!"

சொல்லியிருந்தான்.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
காந்தத்தின் கீழே மடித்துச் செருகிய ரசீது.
மடிப்புக்கு மேலே தொகை.
மடிப்புக்குக் கீழே பையனின் கோணல் எழுத்தில்
*சுவரில் ஓட்டை. அடைக்காவிட்டால்
அடுத்த முறை ஊற்ற மாட்டேன்.*
அவர் இரண்டு தடவை வாசித்தார்.
நான் புகைப்படம் எடுத்தேன்.
அந்தச் சத்தம் சமையலறையில்
தேவைக்கு மேல் கேட்டது.

காப்பீட்டுக்காரர்கள் கடிதம் போட்டார்கள்:
மெல்லக் கசிந்ததற்குப் பொறுப்பில்லை.
தோண்டிய மண், லாரி வாடகை, ஆய்வகக் கட்டணம்,
ஸ்டோரி வீட்டுக்குப் புட்டித் தண்ணீர்
எல்லாம் அவர் தலையில்.
கொதிகலன் அணைந்த வீட்டில்
கையுறையோடு கையெழுத்துப் போட்டார்.
டீ போடட்டுமா என்று எழுந்தவர்
குழாயருகே போய் நின்றுவிட்டார்.
அவர்கள் குடிப்பதும் அந்த ஊற்றுத்தான்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.
அறிவிப்பில் இருபத்தெட்டு நாள் என்று எழுதினேன்.
இருபத்தொன்பது எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை.

கெடு முடிந்த அன்று மறுபடி போனேன்.
புதுச் சுவர். முழங்கால் உயரம்,
உள்ளே பூச்சு, எங்கும் துளை இல்லை.
முந்தின இரவு நல்ல மழை.
கத்பர்ட் குனிந்து மொண்டுகொண்டிருந்தார்
நிரம்பிய சிவப்பு வாளியை
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி
என்னைக் கண்டதும் கேட்டார்:
"இதை எங்கே ஊற்றலாம்?"

பதினோரு வருட வேலையில்
ஊற்றுவதற்கு முன் என்னைக் கேட்ட முதல் ஆள்.

"கீழே வையுங்கள்" என்றேன்.
"மேலே படலம் இருக்கிறதா, முதலில் பார்ப்போம்."
இருவரும் குனிந்தோம்.
வாளிக்குள் மேகம், அவர் குல்லா,
என் அடையாள அட்டையின் தலைகீழ் எழுத்து.

பசு இன்னும்
மேல் மடுவில்தான் குடிக்கிறதாம்.
அதற்கு நாங்கள் கெடு எதுவும் விதிக்கவில்லை.