இப்படிக்கு

வியாழன் இரவு. ஷுவைக் முழுக்கத் தூசி.
கிடங்குகளின் மேல் தெருவிளக்குகள்
டம்ளரில் போட்ட மாத்திரைபோல் கரைகின்றன.
சர்வர் அறையில் பதினெட்டு டிகிரி.
நான், ஒரு ஸ்வெட்டர்,
தரையில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு டைல்.
மிதித்தால் டக் என்னும்.

நூற்று நாற்பத்து மூன்று கணினிகள்.
பழைய மின்னஞ்சல் மென்பொருளைக் கழற்றிவிட்டுப்
புதியதைப் போட வேண்டும்,
யார் மேசைக்கும் போகாமல்,
யாரையும் எதுவும் கேட்காமல்.
கட்டளையின் கடைசியில் அதற்கென்றே ஒரு சொல் உண்டு:
அமைதியாக.

முதலில் வரவேற்பு மேசை, சோதனைக்கு.
அப்புறம் பத்து. அப்புறம் மாடி மாடியாக.
பச்சைக் கோடு நீள்வதைப் பார்த்தபடி
ஆறிப்போன ஃபலாஃபல் தின்றேன்.
கிடங்கு நான்கு இடமில்லை என்றது:
உள்ளே யார் வீட்டுக் கல்யாண வீடியோவோ, மூன்று பிரதி.
சுங்கப் பிரிவில் ஒன்று பதிலே சொல்லவில்லை.
இறங்கிப் போய்ப் பார்த்தால்
செல்போன் சார்ஜருக்காகப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள்.
இரண்டே காலுக்கு எல்லாம் முடிந்தது.

கையொப்பம் மட்டும் பாக்கி.
எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே நீலம் என்று உத்தரவு:
பெயர், பதவி, தொலைபேசி.
மனிதவளப் பட்டியலிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும்படி
ஒரு வரி எழுதினேன்.
அந்தப் பட்டியலில் பதவிக்கு இரண்டு கட்டங்கள் உண்டென்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு ஐந்துக்கு
கொள்முதல் தலைவர் ராட்டர்டாமுக்கு எழுதினார்,
தாமதமான கொள்கலன்களைப் பற்றி,
கொஞ்சம் காரமாகவே.
இப்படிக்கு,
அலோஷியஸ் டிமெல்லோ,
ஆடு மேய்ப்பவர்.

மூன்றாம் மாடியில் முதலில் சிரிப்பு.
பிறகு அவரவர் தத்தமதைத் திறந்தார்கள்.
தணிக்கை பார்க்கும் வாயில் ஹன்னா: குழாய் பொருத்துநர்.
வரவேற்பில் மாரிசெல்: தையற்காரி.
மனிதவளம் பிஜுமோன்: கனரக வாகன ஓட்டுநர்.
அவருக்கு சைக்கிள்கூட வராது.
எந்த விசா காலியோ அந்தத் தொழில்;
வந்த வாரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு
அட்டையைப் பர்ஸில் சொருகியதோடு சரி.
சிரிப்பு நின்றபோது
ஏசியின் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மேலாளர் கூப்பிட்டார். திரும்பப் பெறு என்றார்.
கட்டடத்துக்குள் போனவை திரும்பின.
கடல் தாண்டியவை தாண்டியவைதான்.

அட்டையும் வேலையும் ஒத்துப்போன ஒரே ஆள்
தேநீர் கொண்டுவரும் ரஃபீக்குல்.
அவருக்கு மின்னஞ்சல் கிடையாது.
ஏன் எல்லோரும் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.
சர்க்கரை போதும் என்றேன்.

பதவி வரியை நீக்கினேன்,
மறுபடியும் மாடி மாடியாக, மறுபடியும் அமைதியாக.
இனி வெறும் பெயர், வெறும் எண்.

பதினொன்றரைக்கு ராட்டர்டாமிலிருந்து பதில்:
அன்புள்ள ஆடு மேய்ப்பவர் டிமெல்லோ அவர்களுக்கு,
தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம்.
செவ்வாய்க்குள் சரக்கு கப்பலேறிவிடும்.
ஆறு வாரத்தில் அவர்கள் இத்தனை பணிவாய் எழுதியதில்லை.
டிமெல்லோ அதை அச்செடுத்தார்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
யாரிடமும் காட்டவில்லை.

எல்லோருக்குமாக ஒரு மன்னிப்பு எழுதினேன்.
நாலு வரி. பிழை என்னுடையது, சரிசெய்துவிட்டேன் என்று.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது:
என் கணினிக்கு மட்டும் எல்லாவற்றையும் கையால் போட்டிருந்தேன்,
பட்டியலில் அது இல்லவே இல்லை.
இப்படிக்கு,
மு. கலியபெருமாள்,
டைல்ஸ் கொத்தனார்.

சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.
அந்த டைலைத் தூக்கி,
ரூட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
நாலாய் மடித்து மூலையில் கொடுத்தேன்.
மிதித்துப் பார்த்தேன்.
டக்.
இன்னொரு மடிப்பு.