நூல் பிடித்தல்

ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்கிய மறுநாளே
தெரிந்துவிட்டது.
உடம்பு தாழ்ந்ததும் சக்கரம் உள்ளே போய்விட்டது,
அண்ணன் சட்டைக்குள் தம்பி கைபோல.
ஐந்து ரோட்டு சிக்னலில் ஒருவன் பைக்கிலிருந்து குனிந்து
"டயர் எங்கக்கா?" என்றான்.

இருபது மில்லி ஸ்பேசர் வேணும் என்றேன் இத்ரீஸிடம்.
கொண்டலாம்பட்டி லேத்தில்
அலுமினியச் சுருள் அவன் செருப்புக்கடியில் நொறுங்கியது.
"இருபதுங்கிறது நீங்க சொல்றதா, வண்டி சொல்றதா?"

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
குந்துமணி எடை பிசகினாலும் தூக்கம் வராது.
பட்டறையில் ஐம்பது கிராம் படிக்கல் ஒன்றைக் கடன் வாங்கி
நூலில் கட்டி
மட்கார்டு விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன்.
ஆடி ஆடி நின்றது.
நூலுக்கும் டயருக்கும் நடுவே
இடப்பக்கம் இருபத்தாறு,
வலப்பக்கம் இருபத்திரண்டு.
ஒரே கார்தான்.
எந்தக் காலத்து அடியோ, எவன் தட்டி நிமிர்த்திய தகரமோ,
விற்றவர் சொல்லவில்லை.

இருபது போட்டாலும் இரண்டு மிச்சம்.
வெள்ளியில் இரண்டு மில்லி என்பது
பெரிய இடம்.
அந்தத் தைரியத்தில் இருபதே கடையச் சொன்னேன்.
நடுத்துளை ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்காரணும் என்று
மூன்று முறை சீவினான் இத்ரீஸ், முடியிழை முடியிழையாக.
நான்காம் முறை தள்ளவே வேண்டியிருக்கவில்லை,
உள்ளேயிருந்து யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல் போனது.
ஹப்போடு நான்கு நட்டு, சக்கரத்தோடு நான்கு,
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக,
டார்க் ரெஞ்ச் 'டிக்' சொல்லும்வரை.

அன்று சாயங்காலம் அஸ்தம்பட்டியில்
ஒரு கண்ணாடிக் கடை முன்னால் நிறுத்தினேன்.
தகரமும் ரப்பரும் ஒரே கோட்டில்.
அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தட்டுவடை செட் முடிந்தது.
பீட்ரூட் துப்பட்டாவில் விழுந்ததை
வீட்டுக்கு வந்துதான் கண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு.
முன்னால் தமயந்தி,
பின்னால் தம்பி பொன்னரசு, அவன் பிள்ளைகள் இரண்டு,
டிக்கியில் பிரியாணி டபரா, தண்ணீர்க் கேன்.
அடிவாரச் செக்போஸ்ட் வரை ஒரே பேச்சு.
முதல் கொண்டை ஊசியில் 'ஸ்ர்ர்'.
இரண்டாவதில் பேச்சு நின்றது.
மூன்றாவதில் சின்னவன்,
"அத்தை, கார் பல்லக் கடிக்குது."
ரப்பர் தீயும் வாடை.
வலப்பக்கப் பின்டயரின் தோளில்
நேற்றுச் சீவியதுபோல் ஒரு கோடு.

படிக்கல் சரி. நூல் சரி. வெர்னியர் சரி.
அளந்தபோது
காரில் யாரும் இல்லை.
ஏழு வருஷமாக நான் மட்டும் ஓட்டும் கார்.
பின்சீட்டில் குடையும் பழைய கணக்கு நோட்டும்தான் வரும்.
"நாங்க வேணா பஸ்ல வந்துடறோம்" என்றான் பொன்னரசு.
கோபமே இல்லாமல் சொன்னான்,
பழகிப்போனவன்போல.

திருப்பினேன்.
டபராவை அடிவாரத்துப் புளியமரத்தடியில் திறந்தோம்.

மறு வாரம் லேத் வாசலில்
நான்கு பேரையும் ஏற்றி உட்காரவைத்து நூல் பிடித்தேன்.
"மூச்சு விடலாமா?" என்றாள் தமயந்தி.
இடப்பக்கம் நூல் சும்மா தொங்கியது.
வலப்பக்கம்
டயர்மேல் சாய்ந்து நின்றது,
பஸ்ஸில் தூங்குகிறவர் தலைபோல.
இத்ரீஸ் சிரிக்கவில்லை. "பன்னிரண்டு" என்றான்.
பன்னிரண்டுக்குப் பழைய ஸ்டட் எட்டாது.
நீள ஸ்டட் அடித்து, நட்டு எட்டுச் சுற்று ஏறுகிறதா என்று
வாய்விட்டு எண்ணினேன்.

பக்கவாட்டில் இப்போது எட்டு மில்லி உள்ளே.
சிக்னலில் எவனாவது கேட்கட்டும்.

இருபது வளைவும் ஏறி
ஏரிக்கரையில் பனிக்குள் நிறுத்தி
முதல் ஓட்டத்துக்குப் பின் ஒருமுறை இறுக்கணும் என்று
ரெஞ்சை எடுத்தேன்.
சின்னவன் 'டிக்' எண்ணினான்.
வலப்பக்கப் பின்சக்கரத்தில் மூன்றாவது நட்டு மட்டும்
கால் சுற்று வாங்கிக்கொண்டது.