சுவரில் ஒரு பாக்கெட்

நுவேவா பால்மிராவில் ஜூலை என்றால் குளிர்.
கப்பலுக்குக் காத்து
சோள லாரிகள் ஆற்றோரம் நீளும்.
நான் இரவுக் காவல்.
கேட்டைத் தூக்குவேன், இறக்குவேன்,
நடுவில் குரோஷா.

நாற்பது சங்கிலி. திரும்பு.
சூரியகாந்தி என்றுதான் தொடங்கினேன்,
ஆஃப்பாயில் போல வந்திருக்கிறது.
அதன் கீழே பாக்கெட்:
கரண்ட் பில், தண்ணீர் பில்,
நெலிடா பிரிக்காமலே
ஃப்ரிட்ஜ் மேல் எறிகிற எல்லாவற்றுக்கும்.

ஹாரன் அடித்துச் சிரித்துப் போனவர்கள் உண்டு.
போன செவ்வாய் எபெர் இறங்கி வந்தான்.
மாத்தே குடுவையை என்னிடம் நீட்டிவிட்டு
சோளத்தூசி படிந்த கட்டைவிரலால் தொட்டான்:
"ஏழாவது வரிசை. ஒரு கண்ணி விட்டுட்டே."

எண்ணினேன். விட்டிருந்தேன்.

எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
அவன் நம்பரைக் கூப்பிடும்வரை
நான் பிரிக்கப் பிரிக்க
அவன் நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

இன்று காலை மாட்டியாயிற்று,
உடைந்த துடைப்பக் கட்டையில்.
பில்களைச் செருகியதும்
பாக்கெட் ஒரு சாண் இறங்கியது.
நூல் அப்படித்தான்,
வைத்த கனத்துக்கு இளகிக் கொடுக்கும்.
பூவும் கூடவே கோணி
மஞ்சள் கரு வழிகிற மாதிரி ஆயிற்று.

நெலிடா நின்று பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் தேடிப் போட்டாள்,
நாற்காலியை இழுத்தாள்,
எல்லா உறைகளையும் உருவி மடியில் கொட்டி
முதலாவதைக் கிழித்தாள்.

"பூ பிஞ்சுடும்யா" என்றாள்,
தலை நிமிராமல்.